மூன்று நாட்டுக்கோழிகளுக்கு ஒரு நலச்சான்று

மாரெட்பள்ளியில் பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு என் மகள் தமிழில் பேசுவதை விட்டுவிட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். கணவர் கம்பெனி வேலையாக அமெரிக்காவில் இருந்தார். வீட்டில் இருந்த இருவரில் தமிழ் பேசியது நான் மட்டும்தான்.

ஆனால் பின்பக்கம் இருந்த மூன்று நாட்டுக்கோழிகளிடம் அவள் தமிழில்தான் பேசுவாள். "சிந்தாம தின்னு சாமி. அவசரப்படாத, எல்லாம் உனக்குத்தான்." நான் அவளுக்குச் சோறூட்டும்போது சொல்வது. அதைக் கேட்பதற்காகவே, காய்ந்த துணியை மறுபடி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டு நிற்பேன்.

குஞ்சுகளாக அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தவர், போலாரத்திலிருந்து வீட்டுவேலைக்கு வரும் தமிழ் அக்கா.

பறவைக் காய்ச்சலைப் பற்றித் தொலைக்காட்சியில் சொல்லத் தொடங்கியதும் மாடியிலிருந்து வீட்டுக்கார ஆன்ட்டி இறங்கி வந்தார். தலைமுறைகளாக இங்கேயே இருக்கும் ரயில்வே தமிழ்க் குடும்பம்; பேச்சில் உள்ளூர் உருது கலந்து வரும்.

"ஏம்மா, டிவி பாத்தியா? கோழி கீழி நக்கோ மா. சின்னப் புள்ள வேற இருக்கு."

'பாத்துக்கறேன்' என்று சொல்லியிருந்தால் போதும். நான் நாமக்கல் பக்கத்துக்காரி. பண்ணையிலிருந்து கோழி வண்டி புறப்பட்டால் கால்நடை மருத்துவரின் நலச்சான்றும் கூடப் போக வேண்டும் என்று கேட்டே வளர்ந்தவள். வாய் தானாகச் சொல்லிவிட்டது: "டாக்டர்கிட்ட சர்டிஃபிகேட் வாங்கிட்டு வந்தர்றனுங்க ஆன்ட்டி."

"ஹவ்? அப்படியா, கோழிக்கா? சரி, கொண்டா பாக்கலாம்."

மறுநாள் மூன்றையும் கூடையில் வைத்து ஆட்டோவில் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவருக்கு ஓரளவு தமிழ் வந்தது.

"விக்கறதுக்காம்மா?"

"இல்லைங்க."

"வேற ஊருக்குக் கொண்டு போறீங்களா?"

"இல்லைங்க. வீட்டுலயேதான் இருக்கும்."

"லாரி லாரியா ஏத்தறவனே என் கண்ணுல படாம ஓடறான். நீங்க மூணு கோழிக்குப் பேப்பர் கேக்கறீங்க!"

சிரித்தாலும் ஒழுங்காகப் பார்த்தார். கண், கொண்டை, இறக்கைக்கு அடியில், எச்சம். படிவத்தில் 'எங்கிருந்து', 'எங்கே' என்று இரண்டு இடங்கள் இருந்தன. காலியாக விடக்கூடாது என்று இரண்டிலும் எங்கள் முகவரியையே எழுதி, முத்திரை குத்தினார்.

"இன்னிக்கு நல்லா இருக்குன்னுதாம்மா இது. நாளைக்கு எப்படின்னு யாரும் எழுதித் தர முடியாது. தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. ஏதாவது திடீர்னு செத்துச்சுன்னா, தொடாம எங்களுக்குச் சொல்லுங்க."

ஆன்ட்டி கண்ணாடி போட்டுப் பார்த்தார். "இத்தனூண்டு கோழிக்கு எம்மாம் பெரிய சீலு! இருக்கட்டும் போ." அவருக்கு அதோடு முடிந்தது.

எனக்கு அந்த 'நாளைக்கு' முடியவில்லை. காலையில் எழுந்ததும் கொண்டைகளின் நிறத்தைப் பார்ப்பேன். சோப்புப் போட்டுப் போட்டு மகளின் கைகள் சொரசொரத்துப் போயின. ஐந்தாம் நாள் அவள் இருமினாள்.

கணவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"அதான் சர்டிஃபிகேட் இருக்கே?"

"அது அன்னிக்குப் பாத்ததுங்க."

"உனக்கு என்ன தோணுதோ அப்படிச் செய்."

வைத்துக்கொள் என்றோ கொடுத்துவிடு என்றோ யாராவது சொல்ல மாட்டார்களா என்றிருந்தது. மறுநாள் காலை அக்காவிடம் கோழிகளைக் கொடுத்தேன். சான்றையும் நீட்டினேன்.

"இது எதுக்கும்மா? கோழி என்ன பரிட்சையா எழுதப்போகுது?"

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அவர் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் உண்டு என்பது அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பின்னால் ஓடவில்லை.

மதியம் மகளைப் பள்ளியிலிருந்து நேராக டாக்டரிடம் கூட்டிப்போனேன். சாதாரணச் சளி என்றார். கோழிகளைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். இருமலுக்குப் பயந்து அனுப்பிவிட்டு, வெறும் சளிதான் என்றதும் எந்த முகத்தோடு கேட்பது?

வீட்டுக்கு வந்ததும் மகள் புத்தகப்பையோடு பின்பக்கம் ஓடினாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"கோள்ளு ஏவி?" கோழிகள் எங்கே என்று தெலுங்கில் கேட்டாள்.

"போலாரம் போயிருக்குது சாமி."

அவள் புத்தகப்பையை இறக்கி வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினாள். சான்று இன்னும் என் கோப்பில் இருக்கிறது. 'எங்கே' என்ற இடத்தில் எங்கள் முகவரிதான்.