கூடத்தில் மாட்டிய பாஞ்சாலி

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய சிற்றோவியத்தின் அச்சுப்படி தொங்குகிறது. மூலத்தை வரைந்தவர் வடக்கே ஏதோ மலைநாட்டு அரண்மனையில் வேலை பார்த்தவராம். பெயர் தெரியாது. தெரிந்திருந்தால் நேராக அவர் வம்சத்துக்கே நன்றி சொல்லியிருப்பேன். தெரியாததால் இதை எழுதுகிறேன்.

படம் ஒரு நோட்டுப் புத்தக அளவுதான். செஞ்சி பஜாரில் சட்டம் போட்டது. துச்சாதனன் பாஞ்சாலியின் துகிலை இழுக்கிறான். இழுத்த புடவை மஞ்சளும் பச்சையும் சிவப்புமாகக் காலடியில் குவிந்து கிடக்கிறது. அந்த மடிப்புகளை எல்லாம் அணில் முடித் தூரிகையால் வரைவார்கள் என்று படித்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அணிலில்தான் ஆரம்பிப்பேன். அதனாலேயோ என்னவோ, வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

பாரதப் படத்தை வீட்டில் மாட்டினால் சண்டை வரும் என்பது என் மனைவியின் கட்சி. படம் வந்த நாளிலிருந்து அதைப் பற்றியே சண்டை நடந்ததால், அவள் சொன்னது நிரூபணமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மகள், தன்னோடு வேலை பார்க்கும் அவலூர்பேட்டைப் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னாள். பையனின் அம்மா சரி என்றுவிட்டார். அப்பா, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், பிடி கொடுக்கவில்லை. பெண் வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றாராம்.

“நைனா, ஒண்ணே ஒண்ணு. அவரு வர்றப்ப அந்தப் படம் அங்க இருக்கக் கூடாது” என்றாள் மகள். எதையும் கெஞ்சிக் கேட்கிற பெண் இல்லை அவள். அன்று கெஞ்சினாள்.

அவர் வரவேண்டிய ஞாயிறு காலை படத்தைக் கழற்றினேன். ஆணியும் கூடவே வந்தது. ஆணியோடு ஓர் இட்லி அளவு சுவரும் வந்தது. ஓட்டையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்த மனைவி, ஓட்டைக்குப் பாஞ்சாலியே தேவலை என்று தீர்ப்பு சொன்னாள். சற்று மேலே வேறு ஆணி அடித்து, ஓட்டை மறையும்படி மாட்டினேன்.

வந்தவர் நேராக அதன் முன்னால் போய் நின்றார். நீட்டிய காபியை வாங்கவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். மகள் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அணிலைப் பற்றி வாயே திறக்கவில்லை. நிலைமை அவ்வளவு மோசம்.

“கற்பூரம் இருக்குதாம்மா?” என்று என் மனைவியைக் கேட்டார்.

தட்டில் கொண்டுவந்து கொடுத்தாள். ஏற்றி, பாஞ்சாலிக்குக் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் உட்கார்ந்தார். விஷயமும் அப்போதுதான் வெளியே வந்தது. அவர் ஊர்த் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தில் வருஷா வருஷம் துச்சாதனன் வேஷம் அவருக்குத்தான். துகிலில் கை வைக்கும் முன் அம்மனாக நிற்கிற ஆட்டக்காரருக்குக் கற்பூரம் காட்டி, பொறுத்துக்கொள் தாயே என்று மன்னிப்புக் கேட்டாக வேண்டும். அந்தக் காட்சிக்கு முன்னால் கற்பூரம் இல்லாமல் அவர் நின்றதே இல்லையாம்.

காபியைக் குடித்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தார்.

“இன்னாங்க இது, துச்சாதனன் மாப்ள மாதிரி இருக்கான்? மூஞ்சில கோவமே இல்லியே.”

அந்த ஓவியர்கள் நல்லவன் கெட்டவன் எல்லாருக்கும் அதே நேர்த்தியான பக்கவாட்டு முகம்தான் வைப்பார்கள் என்றேன். அவருக்கு ஒப்பவில்லை. தான் வேஷம் கட்டி வந்தால் முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் அலறும் என்றார், பெருமையாக. மனைவி சிரித்துவிட்டாள். அந்தப் படத்தின் முன்னால் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

செருப்பை மாட்டும்போது சொன்னார்: “சம்பந்தி, திருவிழாவுக்கு வந்துடுங்க. பொண்ணையும் கூட்டினு வாங்க. மாமனார் எவ்ளோ கெட்டவன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே பாத்துக்கட்டும்.”

மகள் அடுப்பைப் பார்ப்பதாகச் சொல்லி உள்ளே ஓடினாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனேன். பஸ் வரும்வரை அவர் தன் வேஷத்தைப் பற்றியே பேசினார். என்னால் ஒரு வார்த்தை நுழைக்க முடியவில்லை. இனி ஆயுசுக்கும் இதைக் கேட்கவேண்டியிருக்கும் என்று தோன்றியது. மனசு நிறைந்திருந்தது.