கையில் ஒட்டிய கறுப்பு

எங்கள் குப்பத்துக் கடற்கரையில் ஒரு சினிமா எடுத்தார்கள். கடலுக்குள் எண்ணெய்க் கம்பெனியின் குழாய் உடைந்துவிடுகிறது. அதை மறைக்க ஒரு மந்திரி, விஷயம் தெரிந்தவனை ஆள் வைத்துக் கொல்கிறார். கதை அவ்வளவுதான் என்றார்கள். வலை நாசமான மீனவனாக நிற்க என்னைக் கேட்டார்கள். வசனம் கிடையாது, அழுதால் போதும் என்றதால் ஒப்புக்கொண்டேன். நாலு பேர் எதிரில் வாய் திறக்க எனக்கு வராது.

விடிந்ததும் வெல்லப்பாகில் கேக்குக்குப் போடும் கறுப்புக் கலரைக் கலந்து என் மேலும் என் வலை மேலும் ஊற்றினார்கள். வலையை அந்தக் கோலத்தில் பார்த்ததும் நிஜமாகவே அழுதுவிட்டேன்.

படப்பிடிப்பு முடிந்து சற்று நேரம்கூட ஆகவில்லை. உப்பளம் மார்க்கெட்டில் மீன் விற்கும் மனைவி போன் செய்தாள்.

"யோவ், ஒடனே வா. ஒருத்தரும் மீன் வாங்க மாட்றாங்க."

போட்டது போட்டபடி ஓடினேன். அவள் கூடையில் கிழங்கான் மீன் அப்படியே கிடந்தது. வாடிக்கையாக வாங்கும் அம்மா ஒருவர் தன் போனைக் காட்டினார். யாரோ தூரத்திலிருந்து எடுத்த வீடியோ. அதில் கேமரா இல்லை, சினிமா ஆட்கள் இல்லை. கறுப்பு வலையும் நானும்தான். 'கடலில் எண்ணெய், மீன் சாப்பிடாதீர்கள்' என்று மேலே எழுதியிருந்தது. ஒரு கணம் நானே அதை நம்பிவிட்டேன்.

"அது ஷூட்டிங்கும்மா!" என்றாள் மனைவி.

"இன்னா ஷூட்டிங்கு? கையப் பாரு, எண்ணெ சொட்டுது!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

எல்லோரும் என்னைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். முழங்கை வரை கறுப்பு. கழுவாமலே வந்திருக்கிறேன்.

"அங்க தேம்பித் தேம்பி அழத் தெரிஞ்சுதில்ல? இங்க வாயத் தொறந்து சொல்லுய்யா!" என்றாள் மனைவி.

வாயைத் திறந்தேன். கையைத் தூக்கி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நக்கினேன்.

"ஐயையோ, துப்புய்யா!" என்று அந்த அம்மா அலறினார்.

"வெல்லம்," என்றேன்.

அவர் போனைப் பார்த்தார், என் நாக்கைப் பார்த்தார். "அப்ப எதுக்குய்யா அப்டி அழுத?"

"வலைக்கு அழுதாரு," என்றாள் மனைவி. "எனக்குக்கூட அப்டி அழ மாட்டாரு."

யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா செவுளைத் தூக்கி இரண்டு முறை மோந்து பார்த்து அரைக் கிலோ வாங்கினார். வேறு யாரும் வாங்கவில்லை. மீதி மீனை அன்று மதியம் கருவாட்டுக்கு உப்புப் போட்டோம். அதற்குள் கடலூரிலிருந்து மச்சான் போன் செய்துவிட்டார்.

"மாமா, கடலே போச்சாமே?"