புத்தகத்துக்கு வாங்கிய மூடி

சென்ற வாரம் வியாழக்கிழமை காலை. நெடுமங்காட்டில் ஒரு சீமந்த வீட்டு வாசல். என் கண் முன்னால் நூற்றைம்பது உளுந்து வடைகள் வியர்த்துக் கிடந்தன.

தொட்டால் விரல் உள்ளே போகிறது. வெளியே நல்ல மழைதான். ஆனால் மழை வண்டிக்குள் வரவில்லை. ஒரு துளி... ஒரே ஒரு துளிகூட வரவில்லை.

பிறகெப்படி நனைந்தது என்கிறீர்களா? சொல்கிறேன். கொஞ்சம் வெட்கமான விஷயம்.

என் மனைவி மீனா கேட்டரிங் தொடங்கி ஒரு வருஷமாகிறது. சமையல் அவள். டிரைவர் நான். வண்டி, பின்பக்கம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும் ஒரு பழைய பிக்கப். மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போகும் வழியில், நான் கட்டிய தார்ப்பாய் அவிழ்ந்துகொண்டது. அடைப்பிரதமன் பாயசத்தில் மழை விழுந்தது. மீனா திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வீடு திரும்பியபின் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கேட்டரிங்கையே நிறுத்திடறேன். ஒத்தர் முகத்தையும் பார்க்க முடியலை."

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலை – வண்டிக்கு மூடி தேடுவது. மூன்று வாரம். ரெக்சினில் வருவது, பாயைப் போலச் சுருட்டுவது, அலுமினியத்தில் மூன்றாக மடிப்பது... போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. ஒரு வெள்ளைக்காரர் மூடியின் மேல் ஏறி நின்று குதித்துக் காட்டுகிறார். எனக்கெதற்கு அது? வடையின் மேல் யார் குதிக்கப் போகிறார்கள்? தூக்கத்திலும் மழை பெய்தது. இத்தனை மழையைக் கவிதைக்காக யோசித்திருந்தால் ஒரு தொகுப்பு தேறியிருக்கும்.

கடைசியில் கரமனையில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடை. கடைக்காரர் பைஜு மலையாளத்தில் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி.

"எந்தா சாறே லோடு?"

வாயைத் திறந்தேன். பக்கத்தில் சீட் கவர் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று திரும்பினார். "சார்! நீங்க பத்திரிகையில பத்தி எழுதறவர்தானே? வாரா வாரம் படிக்கறேன்!"

நிலவும் மழையும் எழுதுகிற ஆள் நான். அந்த முகத்தில் அவ்வளவு மரியாதை. அதைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வது – சாம்பார் அண்டா என்று?

"புத்தகங்கள்" என்றேன்.

பைஜு மலர்ந்துவிட்டார். "புஸ்தகமோ! எங்கில் ஈர்ப்பம் தட்டான் பாடில்லா." ஈரத்தின் நிழல்கூடப் படக் கூடாதாம். சுற்றிலும் ரப்பர் பட்டை வைத்த மூன்று மடிப்பு மூடியை மாட்டினார். உள்ளே ஒரு செய்தித்தாளை விரித்து மூடிவிட்டு, ஹோஸைப் பிடித்துப் பத்து நிமிஷம் தண்ணீர் அடித்தார். திறந்தால், செய்தித்தாள் அப்பளம் மாதிரி மொறமொறவென்று இருந்தது.

"ஒரு துள்ளி கேறில்லா, சாறே!"

செய்தித்தாள் கொதிக்காது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வியாழக்கிழமை பேரூர்க்கடை தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. நான் விசிலடித்துக்கொண்டு ஓட்டினேன். நெடுமங்காட்டில் முதல் மடிப்பைத் தூக்கினேன் – குப்பென்று ஆவி. என் மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்துவிட்டுப் பார்த்தால், மூடியின் அடிப்பக்கம் முழுக்கத் துளிகள். சாதத்தின் மூச்சும் சாம்பாரின் மூச்சும் மேலே போய், முட்டி, வெளியேற வழியில்லாமல், வாழையிலை மட்டும் போர்த்தியிருந்த வடைக் கூடைகளின் மேலேயே திரும்பி இறங்கியிருந்தன.

மீனா வடையைப் பார்த்தாள். மூடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏன்னா... சூடா சாப்பாடு கொண்டு போறதுன்னு கடைக்காரன்கிட்ட சொன்னேளா?"

நான் கண்ணாடியை மறுபடி துடைத்தேன்.

"என்னதான் சொன்னேள்?"

"புத்தகம்."

மழை மூடியின் மேல் கைதட்டிக்கொண்டிருந்தது. 'நிறுத்திடறேன்' என்ற சொல்லுக்காகக் காத்து நின்றேன். அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். "மாமி, பெரிய உருளி ஒண்ணு கிடைக்குமா?" என்ற குரல் மட்டும் கேட்டது.

ரசம் கொதித்தது. வடைகள் அதில் இறங்கின. மேலே கொத்தமல்லி. நனைந்த வடையை இன்னும் நனைத்து ரசவடை ஆக்கிவிட்டாள்! பந்தியில் ஒரு மாமா மூன்றாவதுக்கு இலையைக் காட்டி, "ரசவடைன்னா இதாக்கும்!" என்றார். நான் நிமிராமல் பரிமாறினேன்.

திரும்பும்போது கரகுளம் தாண்டினோம். மீனா வைப்பரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என் சமையலைச் சொல்ல வெக்கமா?"

"சேச்சே... டிரைவர்னு சொல்லத்தான்."

"நான் எல்லார்கிட்டயும் சொல்றேனே, எங்காத்துக்காரர்தான் டிரைவர்னு. பெருமையாத்தான் சொல்றேன்."

அதற்குமேல் எனக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை. மழைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை பைஜுவின் கடைக்குப் போய் உரக்கவே சொன்னேன். "என் மனைவி கேட்டரிங் பண்றா. நான் டிரைவர். லோடு, சூடான சாப்பாடு."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அது ஆத்யமே பறயண்டே, சாறே!" முதலிலேயே சொல்லக் கூடாதா என்கிறார். காற்றுப் போக வழிவிட்டு, மழையை மட்டும் தடுக்கும் மூடி அவர் கடை அலமாரியிலேயே இருந்தது. அன்றும் இருந்தது. மாற்றிக் கொடுத்தார்.

மூன்று வாரம் அலைந்தேன். கடையில் ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தால் அன்றே, அரை மணியில் முடிந்திருக்கும். எத்தனை அலைச்சல் இப்படி... யோசித்தால் அலுப்பாக இருக்கிறது.

சீட் கவர் வாங்க வந்த வாசகரே, வாரா வாரம் படிப்பதாகச் சொன்னீர்கள். இதையும் படிப்பீர்கள். அது புத்தகம் இல்லை சார்... சாம்பார்!