ஜெபக் கூட்டத்தன்று நாறிய வயல்

எங்கள் வீட்டுக்கு ஜெபக் கூட்ட முறை வந்தது ஒரு வைகாசிக் கடைசியில். மலையாளச் சீமையில் எங்கள் சபையிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் வாரத்துக்கு ஒரு வீடாகக் கூடுவது வழக்கம். பெரும்பாலும் ஆபீஸ் வேலைக்காரர்கள். பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, நிலம் எடுத்து நெல் பயிரிடுகிற வீடு எங்களுடையது மட்டும்தான். கரமனை தாண்டி நேமம் பக்கம், வயலோரத்து வாடகை வீடு. யாரும் குறை சொல்லிவிடக் கூடாதென்று தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

என் வீட்டுக்காரர் அந்த வருஷம்தான் புதிதாக ஒன்றைச் செய்திருந்தார். மூட்டை உரமாகவே போட்டு மண் செத்துப்போச்சு என்று தோவாளையிலிருக்கும் தன் தம்பியிடம் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச்செடியின் விதை வாங்கிவந்து கோடைமழையில் விதைத்தார். இடுப்புக்கு வளர்ந்து பூ எட்டிப் பார்த்ததும், தண்ணீர் கட்டி அப்படியே மடக்கி உழுதுவிட்டார். அது அழுகினால் எப்படி நாறும் என்று எனக்குத் தெரியாது. கூட்டத்தன்று காலையில் ஜன்னலைத் திறந்தபோதுதான் தெரிந்தது. கூமுட்டை உடைந்த மாதிரி ஒரு வாடை.

பினாயில் ஊற்றினேன். ஜன்னல்களை அடைத்தேன். சாயங்காலம் வந்தவர்கள் அடைத்த அறைக்குள் வியர்த்து வழிந்தார்கள். வாடை மட்டும் உள்ளேயே நின்றது. பெண்கள் முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டார்கள். பாட மூச்சை இழுக்க வேண்டுமே, இரண்டாவது சரணத்தோடு பாட்டு நின்றது.

பக்கத்திலிருந்த ஒருத்தி, நல்லவள்தான், என் காதோரம் குனிந்தாள். "அக்கா, கக்கூஸ் தொட்டி நிறைஞ்சு போச்சா? மழைக்கு எங்க வீட்டுலயும் இப்படித்தான் பொங்கும். சாரமில்ல, விடுங்க."

அவள் ஆறுதலாகச் சொன்னது என்னை இன்னும் கூசவைத்தது. பாட்டு நின்றிருந்ததால் அவள் கேட்டது ஆண்கள் பக்கம் இருந்த என் வீட்டுக்காரர் காதிலும் விழுந்துவிட்டது.

"தொட்டி ஒண்ணும் இல்ல கேட்டியளா, நம்ம வயலாக்கும்!" என்றார் உரக்க. "தக்கைப்பூண்டு உழுது போட்டிருக்கு. அதுக்க வேருல சின்னச் சின்ன முண்டு முடிச்சு இருக்கும். காத்துல உள்ள சத்த அதுதான் பிடிச்சு வைக்கும். அழுகினாத்தான் அது நெல்லுக்குக் கிட்டும்."

யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். போதகர் "நல்லது, நல்லது" என்று சொல்லிப் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார். நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

சுண்டலும் ஏத்தங்காய் வறுவலும் சுக்குக்காப்பியும் வைத்திருந்தேன். "பஸ் போயிரும் அக்கா" என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். போதகர் மட்டும் நின்றபடி அரை டம்ளர் குடித்தார்.

எல்லோரும் போனபின் வீட்டுக்காரர்மேல் பாய்ந்தேன். "உங்களுக்கு வெக்கமே இல்லியா? ஜெபத்துக்கு வந்தவங்ககிட்ட அழுகல் கதையா சொல்லுவாங்க?"

"இதுல வெக்கப்பட என்ன இருக்கு எளா?" என்று தொடங்கியவர், கை படாத தட்டுகளைப் பார்த்தார். ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஆறிப்போன சுண்டலைத் தின்னத் தொடங்கினார்.

இரண்டு வாரத்தில் வாடை போய்விட்டது. நட்ட நாற்று கரும்பச்சையாகத் தூர் கட்டியது. மேலுரம் பேருக்குத்தான் போட்டார். கதிர் முந்தின வருஷத்தைவிட நன்றாகவே இறங்கியது. அதை யாரிடமும் சொல்ல எனக்குத் துணிவில்லை. சபைக் கோயிலில் வழக்கமாக உட்காரும் முன்வரிசையை விட்டு, கதவுப் பக்கம் உட்காரப் பழகியிருந்தேன்.

அடுத்த சித்திரையில், அந்த வருஷம் ஜெபக் கூட்டம் நடக்கும் வீடுகளின் பட்டியலை ஆராதனை முடிவில் வாசித்தார்கள். எங்கள் வீடு அதில் வரவில்லை.

அந்த வாரம் மழை பெய்தது. முற்றத்தில் நின்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "இந்த வருஷமும் தக்கைப்பூண்டு விதைக்கட்டா? இல்ல, வேண்டாமா?"

கல்யாணமான நாளிலிருந்து வயல் காரியத்தில் அவர் என் அனுமதி கேட்டதே கிடையாது. அன்று நான் பாய்ந்ததால்தான் இப்போது கேட்கிறார். சபை முன்னால் குனிந்திருந்தபோதுகூட நான் அவ்வளவு கூசிப்போனதில்லை.

"விதைங்க" என்றேன். அவர் இன்னும் நின்றுகொண்டே இருந்தார், நான் மேலே ஏதோ சொல்வேன் என்பதுபோல. அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன்.