தாழ்ப்பாள் இல்லாத ஊர்

என் அக்கா, வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியில் வார்டன். அங்குள்ள பெண்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ‘சிசிடிவி’. பொருத்தமான பெயர்தான். கூடப் பிறந்த என்னாலேயே அவளிடம் ஒரு மிட்டாய்க் காகிதத்தைக்கூட மறைக்க முடிந்ததில்லை.

போன வருடம் மாடி அறையில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு வந்துவிட்டது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள். கதவை உடைத்து நுழைவதற்குள் நெற்றி கிழிந்து தரையெல்லாம் ரத்தம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். அக்கா உடனே தச்சரைக் கூப்பிட்டு எல்லா அறைகளிலும் உள்தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ரத்தத்தைத் துடைத்தவள் அவள்தான்.

ஆனால் தாழ்ப்பாள் வேண்டும் என்று விடாமல் கேட்டதும் அதே பெண்தான். உடை மாற்றக்கூட நாற்காலியை முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது, இப்படியே இருந்தால் வேறு விடுதி பார்த்துக்கொள்வேன் என்றாள். அங்கே இவளுக்கு வலிப்பு வரும் என்பதே யாருக்கும் தெரியாது. அக்காவின் பயமே அதுதான். இருந்தும் மசியவில்லை. “எல்லாம் உன் நல்லதுக்குத்தாம்மா” என்பதோடு சரி.

அந்தச் சமயத்தில்தான் விடுதி அலமாரியை ஒழித்தபோது அந்த நாவல் கிடைத்தது. கல்லூரி நாட்களில் நாங்கள் இருவரும் பிடுங்கிப் பிடுங்கிப் படித்த புத்தகம். ஓர் ஊரில் அரசாங்கம் எல்லா வீடுகளிலும் தாழ்ப்பாளை எடுத்துவிடும். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம். அதற்கு உத்தரவு போடும் பெண் அதிகாரியை அக்கா அன்று வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள்.

இப்போது மறுபடி படித்துவிட்டு எனக்கு ஃபோன் செய்தாள். குரலே சரியில்லை.

“அந்த அதிகாரி ராட்சசி இல்லடி. தனியா இருந்த ஒரு கிழவர் தாழ்ப்பாள் போட்டுட்டு உள்ள விழுந்து செத்துப்போறார். அதைப் பார்த்துட்டுதான் ஆரம்பிக்கிறா. அந்தப் பக்கத்தை நாம எப்படித் தாண்டிப் போனோம்?”

பதினெட்டு வயதில் கிழவர் சாகிற பக்கத்தில் யார் நிற்கிறார்கள்? அப்படியானால் நீ செய்ததும் சரிதானே என்று தேற்றப் பார்த்தேன். அக்கா அழுதுவிட்டாள். வீடுவீடாகப் போய் அந்த அதிகாரி சொல்வதும், தான் தினமும் அந்தப் பெண்ணிடம் சொல்வதும் ஒரே வார்த்தைதான் என்றாள். வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி ஒன்று போடேன் என்றேன். அதற்குப் பெயர் தாழ்ப்பாளா என்று கேட்டாள்.

அந்த வாரமே தச்சர் வந்து எல்லாத் தாழ்ப்பாள்களையும் திரும்பப் பொருத்தினார். அந்தப் பெண்ணும் விடுதியிலேயே தங்கிவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். மாடியில், சாத்திய கதவை ஒட்டி, காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பேசாதே என்று எனக்குச் சைகை காட்டினாள். அவள் மேல் எனக்குக் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன.

உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் நிதானமாக வந்தது.

“நல்லாத்தான் இருக்கேன் மேடம். கதவுக்கடியில உங்க கால் நிழல் தெரியுது. தினமும் தெரியுது.”

அக்கா பின்னால் நகர்ந்தாள், நிழல் உள்ளே தெரியாத அளவுக்கு மட்டும்.