ஒரு மணிச் செய்தியும் கஸ்தூரியின் சேலையும்

போன வாரம் தென்காசியில் ஒரு மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் என்னையே உற்று உற்றுப் பார்த்தாள். "யக்கா, நீங்க அப்பம் கேபிள் ஆபீஸ்ல இருந்தவியதான?" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆமாம் என்று தலையாட்டி முடிப்பதற்குள், "ஒங்ககூட நியூஸ் வாசிப்பாவள்லா, கஸ்தூரி அக்கா, அவிய இப்பம் எங்க இருக்காவ? என்னா ஒரு முகம்!" என்று கேட்டுவிட்டாள். "தெரியலியே" என்று சொல்லிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன். கஸ்தூரி செங்கோட்டையில் இருக்கிறாள். அவள் நம்பர் என் போனில்தான் இருக்கிறது.

வரும் வழியில் ஒரு ஜவுளிக்கடை. வாசலைத் தாண்டும்போது புதுச்சேலையின் கஞ்சி வாசனை வந்தது. அந்த வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். காரணத்தைச் சொல்கிறேன், நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

எங்கள் உள்ளூர் கேபிள் டிவியில் தினமும் பகல் ஒரு மணிக்குச் செய்தி உண்டு. காலை பதினோரு மணிக்குக் கேசட்டில் பதிவுசெய்து, ஒரு மணிக்குப் போடுவோம். ஒரே கேசட்தான். நேற்றைய செய்தியின் மேலேயே இன்றைய செய்தி ஏறும். வாசிப்பவள் கட்டிக்கொள்ள தினம் ஒரு சேலையை ஜவுளிக்கடையிலிருந்து கொடுத்துவிடுவார்கள். மேசைக்கு மேலே தெரிகிற அளவுக்குச் சுற்றிக்கொண்டால் போதும், கீழே பழைய பாவாடைதான். மறுநாள் அதே சேலை, 'செய்தியில் பார்த்தது' என்று ஒரு சீட்டோடு கடை வாசலில் தொங்கும். சாயந்தரத்துக்குள் விற்றுவிடும். அந்தச் சேலையை மடிப்புக் கலையாமல் மடித்துத் திருப்பிக் கொடுப்பது என் வேலை. கட்டுவது அவள், மடிப்பது நான்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். முதலாளி அண்ணாச்சி இருவரையும் வாசிக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு என்னிடம், "நீ நல்லா எழுதுதட்டி. அவ நல்லா இருக்கா" என்றார். அதோடு என் கதை முடிந்தது. சிவகிரியில் வாழை சாய்ந்த செய்தி, வாசுதேவநல்லூரில் தண்ணீர் வராத செய்தி, எல்லாம் நான் எழுதுவேன். கொட்டை எழுத்தில் அட்டையில் எழுதி, கேமராவுக்குப் பக்கத்தில் நானே தூக்கிப் பிடிப்பேன். 'கஸ்தூரி நம்ம கண்ணையே பாத்துப் பேசுதா' என்று ஊரெல்லாம் சொல்லும். அவள் பார்த்தது என் அட்டையை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

சாரல் காலத்தில் செய்தியின் கடைசியில் குற்றால நிலவரம் வரும். மெயின் அருவியில் குளிக்கலாமா, ஐந்தருவியில் விடுகிறார்களா என்று அதைக் கேட்டுவிட்டுத்தான் சனம் துண்டை எடுக்கும். பதிவு முடிந்த பிறகும் கஸ்தூரி சேலையைக் கழற்ற மாட்டாள். ஒரு மணி வரைக்கும் அப்படியே நாற்காலியில் இருப்பாள். "மலையில மழ பெஞ்சா தண்ணி எப்பம் வரும்னு தெரியாதுல்லா, மாத்தி வாசிக்கணும்லா" என்பாள். போகிறவன் வருகிறவன் பார்க்கட்டும் என்றுதான் இப்படி மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன். வயிற்றெரிச்சல் வந்துவிட்டால் புத்தி அப்படித்தான் போகும்.

ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல்; ஆபீஸுக்கு அடுத்த வீடுதான், அங்கே படுத்துக்கிடந்தாள். அண்ணாச்சி வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார். கிளிப்பச்சைச் சேலை, அரக்கு பார்டர். அண்ணாச்சியே அட்டை பிடித்தார். 'அனைத்து அருவிகளிலும் குளிக்க அனுமதி' என்று சிரித்துக்கொண்டே முடித்தேன். முடித்த கையோடு, சேலையை முழுசாக இழுத்துக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி மேலகரத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். என் முகத்தை அவர்கள் பார்ப்பதை நான் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு மணிக்கு நான் திரையில் வணக்கம் சொன்னேன். பெரியம்மா என்னையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்டை வீட்டிலிருந்து நாலு பேர் வந்துவிட்டார்கள். மூன்றாவது செய்தியில் திரை வெட்டிக்கொண்டது. பார்த்தால், கேசட்டை நிறுத்திவிட்டு நேரடியாகக் கஸ்தூரி. வீட்டுச் சேலை, கலைந்த தலை, காய்ச்சலில் சிவந்த கண். "இப்ப வந்த செய்தி. அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை. யாரும் கிளம்ப வேண்டாம்" என்று கேமராவை நேராகப் பார்த்துச் சொன்னாள். பன்னிரண்டரைக்கே தண்ணீர் புரண்டு வந்திருக்கிறது. மாற்றி வாசிக்க என்னைத் தேடியிருக்கிறார்கள். நான் கிளிப்பச்சையில் பெரியம்மா வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

பெரியம்மா பெருமூச்சு விட்டாள். "ஏட்டி, காய்ச்சல்லயும் அவ முகத்தப் பாரேன்!"

மறுநாள் அண்ணாச்சி திட்டிய திட்டை எழுத முடியாது. கஸ்தூரி ஊருக்கே தெய்வமாகிவிட்டாள். நான் அவளிடம் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், சேலையில் குத்தியிருந்த ஊக்குகளைக் கழற்றி என் கையில் கொடுத்துக்கொண்டே அவள்தான் மெதுவாகச் சொன்னாள்.

"ஊருக்காவ ஓடி வந்தேன்னு எல்லாரும் நெனைக்காவ. அதில்லட்டி. நீ வணக்கம் சொன்னத வீட்ல பாத்தேன். அவ்வளவு நல்லா இருந்துச்சு. நாளைக்கு என்னைய வேண்டாம்னுருவாவளோன்னு வயிறு எரிஞ்சு போச்சு. வெள்ளம்னு எங்கண்ணன் வந்து சொன்னதும் அதச் சாக்கா வச்சு ஓடியாந்துட்டேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குப் போல நான் சந்தோஷமாகச் சேலை மடித்ததே இல்லை.

அந்த ஒரு மணிச் செய்தி நின்று எத்தனையோ வருஷமாகிவிட்டது. கேபிள் ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது தையல் வகுப்பு நடக்கிறது. அருவியில் தண்ணீர் வருகிறதா என்று போனிலேயே படம் வந்துவிடுகிறது, யாரும் யார் முகத்துக்கும் காத்திருப்பதில்லை. நான் வாசித்த கேசட்டின் மேல் மறுநாளே கஸ்தூரி ஏறிவிட்டாள். நான் ஒருநாள் நன்றாக வாசித்தேன் என்பதற்கு இந்த உலகத்தில் மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி அவள்தான்.

அதை அவள் வாயால் இன்னொரு தடவை கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. இரண்டு தடவை நம்பரை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். கூப்பிட்டால், மருந்துக் கடையில் ஒருத்தி அவளை விசாரித்ததையும் சொல்ல வேண்டியிருக்கும்.