கடற்கரை வீதியில் வாங்காத வீடு

அம்மாவுக்குப் பெரிய ஆசைகள் இருந்ததில்லை. நகை கேட்கமாட்டார். சேலைக் கடைக்குப் போனால் முதலில் எடுத்துப் போட்டதையே கட்டித்தரச் சொல்லிவிட்டு எழும்பிவிடுவார். ஒரேயொரு விஷயத்தில் மட்டும் ஒற்றைக்காலில் நின்றார். அப்பா பென்சன் எடுத்துக்கொண்டு பருத்தித்துறைக்குத் திரும்பும்போது வாங்கும் வீட்டில், தான் சமைக்கிற குசினியில் நின்று பார்த்தால் கடல் தெரிய வேண்டும். முன் விறாந்தையிலிருந்து தெரிந்தால் போதாது.

"விறாந்தையிலை இருக்கப் போறது நீங்கள். நான் நிக்கப் போறது குசினியிலை" என்று அப்பாவிடம் சொல்வார்.

அப்பா அரசாங்கக் கந்தோர்களில் கிளாக்கராக இருந்தவர். மாற்றம் வந்த இடமெல்லாம் நாங்களும் பானை சட்டியைக் கட்டிக்கொண்டு போனோம். ஐம்பத்தாறில் நான் பள்ளிக்கூடம் தொடங்கியது பதுளையில். அங்கே ஆட்கள் காசு செலவழித்து வந்து மலை பார்த்தார்கள். அம்மாவுக்கு அந்த மலைகளைக் கண்ணில் காட்டக் கூடாது. உடுப்புக் காயப்போடப் போனால், "எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆரோ குறுக்கை வந்து நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்று முணுமுணுப்பார். கப்பலோட்டிய குடும்பத்தில் பிறந்த பெண். பிறந்த வீட்டின் பின்படலையைத் திறந்தால் மணல், மணலுக்கு அப்பால் தண்ணீர். அந்த வீடு மூத்தவரான பெரியம்மாவுக்குச் சீதனமாகப் போய்விட்டது. அப்பா பிறந்த வீடு அவருடைய தங்கச்சிக்குப் போனது. எங்கள் பக்கத்தில் வீடெல்லாம் பெண்களுக்குத்தான். அதிலும் இளையவளுக்கு வீடு எட்டாவிட்டால் நகையோடு சரி. எனவே முப்பது வருடமாகக் குவாட்டர்ஸ் சுவர்களில் ஆணி அடிக்கவும் பயந்து வாழ்ந்த இரண்டு பேர், சொந்தமாக ஒரு வீடு வாங்கப் போகிறார்கள் என்பதே எங்களுக்குத் திருவிழா மாதிரி இருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பா பென்சன் எடுத்தார். பெரியம்மா வீட்டில் தங்கியிருந்துகொண்டு வீடு பார்த்தோம். பார்த்தவற்றில் இரண்டுதான் மிஞ்சின. இரண்டையும் ஒரே காலையில் போய் மறுபடி பார்த்தோம்.

முதலாவது கடற்கரை வீதியில். முருகைக்கல் சுவர், பழைய ஓடு. இரும்புக் கேற் துருப்பிடித்து, பாதி திறந்த நிலையில் அசையாமல் நின்றது. அப்பா அதை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கையில் ஒட்டிய துருவை என்னிடம் காட்டினார். அம்மா கேற்றையும் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. நேரே குசினிக்குள் போனார். அங்கே அடுப்புக்கு மேல் சின்ன யன்னல் ஒன்று இருந்தது. அதன் மரச்சட்டத்துக்குள் வீதி, ஒரு கட்டுமரம், பிறகு முழுக்கக் கடல். அம்மா அடுப்பில் இல்லாத பானைக்கு முன்னால் நின்றுகொண்டு அதைப் பார்த்தார். வீட்டுக்கார அம்மா ஏதோ சொல்ல வந்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

பிறகு கிணறு. எங்கள் பகுதியில் வீடு வாங்குகிறவன் முதலில் தண்ணீரைத்தான் குடித்துப் பார்ப்பான். அப்பா ஒரு மிடறு வாயில் வைத்து, அதைச் சுழற்றி, முகத்தைச் சுளித்தார்.

"சவர்" என்றார்.

அம்மா வாங்கிக் குடித்தார். மடமடவென்று ஒரு செம்பு முழுவதையும் குடித்தார். "எங்கை சவர்? உங்கடை நாக்குத்தான் பதுளைத் தண்ணி குடிச்சுக் கெட்டுப் போச்சு."

நானும் குடித்தேன். லேசான உப்பு இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது என்றும் சொன்னேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை. எந்த வீட்டை வாங்கினாலும் என் சீதனமாக என் பெயரில்தான் உறுதி எழுதப் போகிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியும். யாருடைய பெயரில் எழுதுகிறார்களோ அவளிடம் மட்டும் கேட்காமல் இருப்பது எங்கள் ஆட்களின் பழைய பழக்கம்.

இரண்டாவது வீடு கடலிலிருந்து உள்ளுக்கு, வீதியை விட்டு ஒடுங்கிய ஒழுங்கைக்குள் ஒழுங்கையாகப் போய்ச் சேரும் இடத்தில். புது வீடு. சீமெந்து நிலம், பெரிய முன்னறை, நாலு பக்கமும் மதில். கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி. குசினி யன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு மதிலும் அதன் மேல் படுத்திருக்கும் பூனையும் தெரியும். அம்மா அந்த யன்னலைத் திறந்தார், பூனையைப் பார்த்தார், மூடினார்.

கலியாணப் புறோக்கர் ஒருவரை அப்பா அன்று பின்னேரமே கூப்பிட்டிருந்தார். அந்த மனிதர் குடையை மடித்துக் கதிரையில் சாத்திவிட்டு, ஏதோ கோட்டில் தீர்ப்புச் சொல்பவரைப் போல் சொன்னார்.

"பள்ளிக்கூட மாஸ்டர் மாப்பிள்ளையெண்டால் கடற்கரை வீதி வீடு போதும், ஐயா. எஞ்சினியர், டொக்டர் எண்டு பாத்தால், அவையள் வந்து முதல் கிணத்தைத்தான் பாப்பினம். பிறகு கேற்றைப் பாப்பினம். துருப்பிடிச்ச கேற்றைக் கண்டால் உள்ளுக்கு வராமலே திரும்பீடுவினம். உங்களுக்கு இருக்கிறது ஒரே பொம்பிளைப்பிள்ளை."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "நீர் என்ன சொல்லுறீர்?"

அம்மா சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். எனக்கு அப்போது ஒரு சண்டை தேவையாகவும் இருந்தது. அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"பிள்ளையின்ரை காரியம் முதல் முடியட்டும். அவள் தன்ரை வீட்டிலை குடியிருக்கேக்கை நாங்கள் கரையிலை ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுப்பம்."

நான் வெடித்தேன். வராத ஒருவனுக்காக, முகம் தெரியாத, இன்னும் பரீட்சைகூடப் பாஸ் பண்ணியிருக்காத ஒருவனுக்காக நீங்கள் ஏன் மதிலைப் பார்த்துக்கொண்டு சமைக்க வேண்டும் என்று கேட்டேன். புறோக்கர் குடையை எடுத்துக்கொண்டார். "வயசுக்கு வந்த பிள்ளை உதிலை கதைக்கப்படாது" என்றார் அம்மா. அத்தோடு ஒழுங்கை வீடு முடிவாகியது.

அந்த வீட்டில் நாங்கள் குடியிருக்கவில்லை, காவலிருந்தோம். முன்னறை பூட்டியே கிடந்தது. அதில் வாங்கிப்போட்ட இரட்டைக் கட்டிலின் மெத்தைக்குக் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறையை அம்மா கழற்றவிடவில்லை. அப்பாவும் அம்மாவும் பின்னால், நெல்லுமூட்டை வைக்கவென்று கட்டிய அறையில் படுத்தார்கள். புதுக்குசினிச் சுவர் புகை பிடித்துவிடும் என்று, வளவின் மூலையில் தென்னங்கிடுகால் ஒரு கொட்டில் போட்டு அம்மா அங்கே சமைத்தார். ஆக, கடல் தெரியாத குசினியும் அவருக்கு வாய்க்கவில்லை. கொட்டிலுக்கு யன்னலே இல்லை. நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். "புதுசா இருந்தாத்தானே பிள்ளை, மதிப்பு" என்பார்.

மாப்பிள்ளைமார் வந்தார்கள். சுன்னாகத்திலிருந்து ஒருவர் வந்தார், கிணற்றைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார், நல்ல தண்ணீர் என்று மெச்சினார், பிறகு சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார். இன்னொருவரின் தாய் முன்னறையை அடியால் அளந்து பார்த்தார். எனக்கு ஏழில் செவ்வாய். அந்தச் செவ்வாய்க்கு நல்ல தண்ணீரும் ஒன்றுதான் சவர்த்தண்ணீரும் ஒன்றுதான்.

இதற்கிடையில் அம்மா கடல் பார்க்க ஒரு வழி வைத்திருந்தார். சும்மா கரையில் போய் நிற்கிற பெண்ணை ஊர் என்ன சொல்லும்? அதனால் மீன் வாங்கப் போவார். வாசலுக்கு மீன் கொண்டுவருகிறவன் சைக்கிள் மணியடித்தால், "இண்டைக்கு வேண்டாம்" என்று அனுப்பிவிட்டு, பின்னேரம் பையை எடுத்துக்கொண்டு வள்ளங்கள் வரும் இடத்துக்குப் போவார். ஒரு கூறு சூடை மீன் வாங்க ஒரு மணித்தியாலம் எடுக்கும். அப்பாவுக்கும் விளங்கும், எனக்கும் விளங்கும். வாங்கி வந்ததில் பாதி முள்ளாகத்தான் இருக்கும். அதையும் ருசியென்று சொல்லிச் சாப்பிட்டோம். பிறகு முழங்கால் வீங்கத் தொடங்கியது. வாசலில் மணியடிக்கும் சைக்கிள்காரனிடமே மீன் வாங்கத் தொடங்கினார்.

வாடைக்காற்றுக் காலத்தில் கடலின் இரைச்சல் ஒழுங்கைகளைத் தாண்டி எங்கள் வளவுக்குள் வரும். கொட்டிலில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் அம்மா கையை நிறுத்திவிட்டு, "கேக்குதே?" என்பார். "ஓம்" என்பேன். மீண்டும் துருவத் தொடங்குவார்.

கடைசியில் அரியாலையிலிருந்து ஒருவர் பெண் பார்க்க வந்தார். எஞ்சினியர்தான், புறோக்கர் வென்றுவிட்டார். தாய் தகப்பனோடு முன்னறையில் இருந்தார். நெடுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த அறை காற்றுப் பார்த்தது. நான் தேத்தண்ணீர்த் தட்டோடு உள்ளே போனபோது அவர் யன்னல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிணற்றை அவர் கேட்கவில்லை. கேற்றையும் கேட்கவில்லை.

"இஞ்சையிருந்து கடல் தெரியாதோ, மாமி?" என்றார். "பருத்தித்துறையிலை வீடெண்டு சொல்ல, கரையிலைதான் இருக்குமெண்டு நினைச்சன். ஆசையா வந்தனான்."

தட்டை அப்பாவிடம் நீட்டினேன். நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பா தன் கோப்பைக்குள் எதையோ தேடினார்.

"உப்புக்காத்து, தம்பி" என்றார் அம்மா சிரித்துக்கொண்டு. "வீட்டுக்குக் கூடாது. கேற்றெல்லாம் துருப்பிடிச்சுப் போகும்."

புறோக்கர் அன்று சொன்ன அதே துருக் கேற். அந்த எஞ்சினியரைத்தான் கட்டினேன், நல்ல மனிதர், அவர் மேல் குற்றமில்லை. ஆனால் அந்தக் கேள்வியை ஏழெட்டு வருடம் முன்னால் வந்து கேட்டிருக்கக் கூடாதா என்று அவரிடமே பல தடவை சண்டை பிடித்திருக்கிறேன். "அப்ப நான் கம்பசிலை படிச்சுக்கொண்டிருந்தனான்" என்பார் பாவம்.

கலியாணம் முடிந்த சில மாதத்தில் அவருக்கு நைஜீரியாவில் வேலை கிடைத்தது. நானும் போனேன். சீதன வீட்டில் நாங்கள் படுத்தெழும்பிய நாட்கள் சொற்பம். போகுமுன், வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டுக் கரைக்குப் போகும்படி அம்மாவிடம் சொன்னேன்.

"பிள்ளையின்ரை வீட்டிலை பிறத்தி ஆக்கள் அடுப்பு மூட்டவோ?" என்று கேட்டார். "பூட்டிப்போட்டுப் போனாலும் கறையான் ஏறிப்போடும்." நான் வானூர்தி ஏறும் முன்பே பிளாஸ்டிக் உறை திரும்பவும் மெத்தையில் ஏறிவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில், கைக்குழந்தையாக இருந்த மகளோடு நானும் கணவரும் லீவில் வந்தோம். அப்பா என்னைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடற்கரை வீதி வீடு திரும்பவும் விலைக்கு வந்திருந்தது. அந்த வீட்டம்மா கொழும்பில் மகனோடு இருக்கப் போகிறாராம்.

"நான் போய்த் தண்ணி குடிச்சுப் பாத்தனான்" என்றார் அப்பா. "சவர்தான். சவரெண்டால் என்ன, பிள்ளை? தேத்தண்ணிக்கு நான் வேறை இடத்திலை அள்ளிக்கொண்டு வருவன். அண்டைக்கே அதைச் செய்திருக்கலாம்."

அப்பா தன் பிழையை வாயால் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். என் கணவர் ஒரு வார்த்தையில் ஓமென்றார். உறுதி என் பெயரில். விற்க எனக்கு உரிமை உண்டு. ஒழுங்கை வீட்டை விற்று அதை வாங்குவதென்று மூன்று பேரும் தீர்மானித்துவிட்டு, பெரிய பரிசொன்றைக் கையில் வைத்திருப்பவர்கள் மாதிரி அம்மாவிடம் போனோம்.

அம்மா கொட்டிலில் என் மகளை மடியில் வைத்துச் சோறு தீத்திக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். ஒரு கணம் முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம் வந்தது, நான் கண்ணால் கண்டேன். பிறகு குழந்தையின் வாயைத் துடைத்தார்.

"இதை வித்தால், நாளைக்கு இவளுக்கு என்னத்தைக் குடுக்கிறது?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கத்தினேன். "அம்மா, இவளுக்கு இன்னும் மூக்குச் சிந்தத் தெரியாது!"

"பொம்பிளைப்பிள்ளை வளர எவ்வளவு நேரம்? சவர்த்தண்ணி வீட்டை ஆர் மதிப்பினம்?"

நான் அழுதேன். அப்பா, "நான் சொல்லுறன், வாரும், போவம்" என்றார். அதிகாரமாகச் சொல்லத் தெரியாத மனிதர், கெஞ்சலாகத்தான் வந்தது. எங்கள் மூவரையும் அந்த ஒரு கேள்வியால் அம்மா மடக்கிப்போட்டார். அதை அவர் கெட்டித்தனமாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நம்பினார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

அன்று பின்னேரம் கார் பிடித்து அம்மாவைக் கரைக்குக் கொண்டுபோனேன். கையில் மீன்பை எடுத்துக்கொண்டுதான் ஏறினார். அந்த வீட்டைத் தாண்டும்போது காரை நிறுத்தச் சொல்லவா என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார். கரையில் இறங்கிக் கடலைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தார். கூட்டிவந்த மகள் மணலை அள்ளி அவர் சேலையில் போட்டுக்கொண்டிருந்தாள். "இப்பிடி இடைக்கிடை வந்து பாத்தால் காணும், பிள்ளை" என்றார். போதாது அம்மா, காணாது என்றேன். அவர் மீன் விலை கேட்கப் போய்விட்டார்.

அடுத்த மாரியில் அம்மா போனார். நான் தூரதேசத்தில் இருந்தேன். செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்கு இடம் காணாமல் அந்த முன்னறையைத் திறந்துவிட்டதாக அப்பா சொன்னார்.

என் மகளைக் கட்டியவன் வீடு கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் அவனைத் துரத்தியிருப்பாள். அம்மா யாருக்காக அந்தக் குசினி யன்னலை இரண்டாம் தடவையும் வேண்டாமென்றாரோ, அவளுக்கு எங்கள் வீடு எந்த ஒழுங்கையில் இருந்தது என்பதே தெரியாது.